ஓடு மூடிய உயிரும் முள் போர்த்த உயிரும்

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் கடற்கரைப் பகுதி அமைந்துள்ளது. கடல் பெருகியிருக்கும் நேரத்தில் அங்குச் செல்பவர்களுக்குத் தண்ணீர் மட்டுமே தெரியும். கடல் நன்றாக வற்றும் நேரத்தில் அதே இடத்தில் பரந்த மணல்வெளி வெளிப்படும். மணல்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளத் துண்டுகள் நிறைந்த திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன.

முதல் பார்வையில் அந்த மணல்வெளியில் உயிர் எதுவும் இருப்பதாகத் தோன்றாது. சற்றுக் குனிந்து பொறுமையாகப் பார்த்தால்தான் உண்மை புரியும். கூழாங்கல் என்று நினைத்தது மெல்ல நகரும். மணலில் பதிந்த கோலம் என்று நினைத்தது ஓர் உயிரின் முதுகாக இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை முதுகெலும்பற்ற உயிரினங்கள். உலகில் இதுவரை அறியப்பட்ட விலங்கினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

கடலில் வாழும் முதுகெலும்பற்ற உயிரினங்களுள் இரண்டு தொகுதிகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, மெல்லுடலிகள், மற்றொன்று, முட்தோலிகள். ஒரே மணலில் ஒரே தண்ணீரில் வாழ்ந்தாலும் இவற்றின் உடலமைப்பு முற்றிலும் வேறானது. அந்த வேறுபாடு உயிர் பிழைப்பதையே தீர்மானிக்கக்கூடும் என்பதை 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செக் ஜாவாவில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த இரு தொகுதிகளையும் அறிந்துகொள்வது அவசியம்.

மெல்லுடலிகள்: தம் வீட்டைத் தாமே கட்டுபவை

பல்லாங்குழியில் இடும் சோழி, கோவிலில் ஊதும் சங்கு, முத்து தரும் சிப்பி, சம்பலில் வதக்கும் கணவாய், லக்சாவில் மிதக்கும் ‘கெராங்’ என்னும் மட்டி ஆகிய அனைத்தும் மெல்லுடலிகளிடமிருந்து கிடைப்பவை. பெயருக்கு ஏற்ப இவற்றின் உடல் எலும்பில்லாத மெல்லிய தசையால் ஆனது. அந்த உடலைப் போர்வைபோல ஒரு மெல்லிய தோல் சுற்றியிருக்கும். அந்தப் போர்வைத் தோல்தான் கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு ஓட்டை உருவாக்குகிறது. உயிர் வளர வளர ஓட்டின் விளிம்பும் வளரும். அதனால் நத்தை தன் ஓட்டை விட்டுவிட்டு வேறு ஓட்டைத் தேட வேண்டியதில்லை. பிறந்தபோது இருந்த சிறிய ஓடு, சுருளின் நுனியில் கடைசிவரை இருக்கும்.

எல்லா மெல்லுடலிகளும் ஒரே வகையான ஓட்டைக் கொண்டிருப்பதில்லை. நத்தைக்கும் சங்குக்கும் ஒற்றை ஓடு. சிப்பிக்கும் மட்டிக்கும் கதவுகளைப்போல மூடித் திறக்கும் இரண்டு ஓடுகள். கணவாய்க்கு ஓடு உடலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஆக்டோபஸ் ஓட்டை ஏறக்குறைய முழுவதுமாகவே விட்டுவிட்டது. அது தன்னைக் காத்துக்கொள்ள அறிவையும் நிறம் மாறும் திறனையும் நம்பியிருக்கிறது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உண்டு. அதன் இரத்தத்தில் செம்பு கலந்திருப்பதால் அது நீல நிறமாக இருக்கும். கெராங் மட்டிக்கோ மனிதர்களைப்போலச் சிவப்பு இரத்தம். அதைச் சமைப்பதற்காகத் திறக்கும்போது வழியும் சிவப்பு நீர் அதன் இரத்தமே.

செக் ஜாவாவின் மணலில் வட்டமான, பளபளப்பான ஓட்டையுடைய நிலா நத்தையைக் காணலாம். பார்க்கச் சாதுவாகத் தோன்றினாலும் அது ஒரு வேட்டைக்காரன். மணலுக்கு அடியில் ஊர்ந்து சென்று மட்டியைத் தன் அகன்ற பாதத்தால் சுற்றிப் பிடிக்கும். பிறகு, அரம் போன்ற நாக்காலும் ஓட்டைக் கரைக்கும் அமிலச் சுரப்பாலும் மட்டியின் ஓட்டில் துளையிட்டு உள்ளிருக்கும் சதையை உண்ணும். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கிளிஞ்சல்களில், தச்சர் துளையிட்டதுபோல வட்டமான ஒரு சிறு துளை காணப்பட்டால், அது பெரும்பாலும் இந்த நத்தையின் வேலையாகவே இருக்கும்.

முட்தோலிகள்: நீரால் நடப்பவை

நட்சத்திர மீன், மணல் நாணயம், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவை முட்தோலிகள். நட்சத்திர மீன் என்ற பெயர் வழக்கில் நிலைத்துவிட்டாலும் அது மீன் அன்று. அதற்குச் செவுளும் இல்லை, துடுப்பும் இல்லை. கடல் அட்டையை மலாய் மக்கள் ‘காமாட்’ என்று அழைப்பார்கள். அதிலிருந்து செய்யப்படும் எண்ணெய் மலேசியாவில் பாரம்பரிய மருந்தாக விற்கப்படுகிறது.

உலகில் ஏறத்தாழ 7,000 வகை முட்தோலிகள் வாழ்கின்றன. அவற்றின் உடல் பெரும்பாலும் ஐந்து சம பாகங்களாக அமைந்திருக்கும். நட்சத்திர மீனின் ஐந்து கைகளில் இது தெளிவாகத் தெரியும். மணல் நாணயத்தின் முதுகில் ஐந்து இதழ்ப் பூவைப் போன்ற கோலமாகத் தெரியும். கடல் முள்ளெலியின் வாயில்கூட ஐந்து பற்கள் உள்ளன. 2,300 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அந்த வாயின் அமைப்பை ஒரு விளக்கோடு ஒப்பிட்டு எழுதினார். அதனால் அந்த உறுப்பு இன்றும் ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்றே அழைக்கப்படுகிறது.

முட்தோலிகளின் உடலில் மிக வியப்பானது, அவை நகரும் முறை. நட்சத்திர மீனைத் திருப்பிப் பார்த்தால் அதன் கைகளின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்க்கால்கள் அசைவதைக் காணலாம். அதன் முதுகில் சல்லடை போன்ற ஒரு சிறு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் வழியாகக் கடல்நீர் உடலுக்குள் நுழைந்து, நடுவில் உள்ள வளையக் குழாயை அடைந்து, அங்கிருந்து ஒவ்வொரு கைக்கும் செல்கிறது. குழாய்க்காலின் மேல்முனையில் உள்ள சிறு பை சுருங்கும்போது அதிலுள்ள நீர் காலுக்குள் தள்ளப்படும்; கால் நீளும். கால் தரையைத் தொட்டதும் பசை போன்ற சுரப்பு அதை ஒட்டவைக்கும். பின்னர்க் கால் சுருங்க, உடல் முன்னே நகரும்.

இதே கால்களைக் கொண்டு சில வகை நட்சத்திர மீன்கள் சிப்பியையும் திறக்கின்றன. சிப்பியின் இரு ஓடுகளையும் இருபுறமும் பற்றி விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சிப்பியின் தசை களைத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உண்டானாலே போதும். நட்சத்திர மீன் தன் இரைப்பையை வாய் வழியாக வெளியே நீட்டி அந்த இடைவெளிக்குள் நுழைத்து, சிப்பியை அதன் ஓட்டுக்குள்ளேயே செரித்துவிடும்.

நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்பும் உள்ளன. ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிச்சத்தை உணரும் ஒரு கண்புள்ளி உண்டு. ஒரு கையை இழந்தாலும் மெதுவாக அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். மூளையும் இல்லாமல், வேகமும் இல்லாமல் இவ்வினங்கள் பல கோடி ஆண்டுகளாகக் கடலில் வாழ்ந்துவருகின்றன.

மனிதனுக்கு யார் நெருங்கிய உறவு?

ஆக்டோபஸ், நட்சத்திர மீன் ஆகிய இரண்டில் மனிதனுக்கு நெருங்கிய உறவு எது? கூர்மையான கண்ணும் பெரிய மூளையும் உள்ள ஆக்டோபஸ்தான் என்று பலர் விடை கூறுவர். அறிவியல் கூறும் விடை வேறு.

ஒரு முட்டை கருவாக வளரத் தொடங்கும்போது பந்து போன்ற அதன் உடலில் முதலில் ஒரு குழி தோன்றும். மெல்லுடலிகள் பலவற்றில் அந்தக் குழி இருக்கும் இடம் வாயாகிறது. முட்தோலிகளில் அது கழிவு வெளியேறும் துளையாகிறது. வாய் பின்னர் வேறிடத்தில் உருவாகிறது. மீன், பறவை, மனிதன் ஆகிய முதுகெலும்பு உள்ள உயிரினங்களும் முட்தோலிகளைப் போலவே வளர்கின்றன. மரபணு ஆய்வுகளும் இந்த உறவை உறுதிப்படுத்தியுள்ளன. முதுகெலும்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாக எண்ணப்படும் உயிரினங்கள், உண்மையில் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கக்கூடும்.

மக்கள் பேசிய கடற்கரை

செக் ஜாவாவில் நிலமீட்புப் பணி நடைபெறவிருந்தது. பரப்பளவு குறைந்த சிங்கப்பூருக்கு நிலம் தேவை. கடலை மணலால் நிரப்பி நிலமாக்குவது நாட்டின் வளர்ச்சிக்கு உதவிய வழிகளுள் ஒன்று. 2001ஆம் ஆண்டில், பணி தொடங்குவதற்கு முன்னர், அங்குள்ள உயிர்வளம் பலருடைய கவனத்துக்கு வந்தது. தொண்டூழியர்கள் கடல் வற்றும் நேரங்களில் சென்று உயிரினங்களைப் பதிவுசெய்தனர். அருங்காட்சியக ஆய்வாளர்களும் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான மக்கள் அந்தக் கரையை நேரில் காணச் சென்றனர். பலர் தங்கள் கருத்துகளை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினர்.

அந்த ஆண்டு டிசம்பரில், நிலமீட்புத் திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. நத்தைக்கும் நட்சத்திர மீனுக்கும் குரல் இல்லை. அவற்றைப் பார்த்து அறிந்தவர்கள் எடுத்துச் சொன்ன சான்றுகள் அந்த முடிவுக்குத் துணைநின்றன. செக் ஜாவாவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நிம்மதி அடைந்தனர்.

வானத்திலிருந்து வந்த ஆபத்து

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே கரையை வேறொரு ஆபத்து தாக்கியது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் தென்மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழக்கத்துக்கு மாறான கனமழை பெய்தது. 2006 டிசம்பர் 19 அன்று ஒரே நாளில் சிங்கப்பூரில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. ஜொகூரில் வெள்ளம் பெருகி 1,00,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். ஜொகூர் ஆறு கரைபுரண்டு ஓடியது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடம், உபின் தீவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

வழக்கமாக ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். பெருவெள்ளம் வந்து கலந்ததால் செக் ஜாவாவைச் சுற்றியுள்ள கடல்நீரின் உப்பளவு குறைந்தது. மழை நின்ற பிறகு கரைக்குச் சென்றவர்கள் கண்ட காட்சி வேதனை தந்தது. நட்சத்திர மீன்கள், மணல் நாணயங்கள், கடல் அட்டைகள் முதலிய உயிரினங்கள் பெருமளவில் மடிந்து கிடந்தன. கம்பளம்போல விரிந்திருக்கும் கடல் சாமந்திகள் நிறமிழந்து வெளுத்திருந்தன.

நல்ல தண்ணீர் எப்படி உயிரைக் கொல்லும்? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் அது நீரை உறிஞ்சி உப்பிவிடும். திராட்சைக்குள் இருக்கும் சர்க்கரையின் செறிவு அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருப்பதே அதற்குக் காரணம். செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு நீர் மெல்லிய சவ்வைக் கடந்து செல்லும் இந்த நிகழ்வு ‘சவ்வூடு பரவல்’ எனப்படும்.

மீன்களுக்குச் சிறுநீரகமும் செவுளும் உண்டு. அவற்றைக் கொண்டு அவை உடலின் நீரையும் உப்பையும் சரிசெய்துகொள்கின்றன. மேலும், நீந்தி வேறிடத்துக்குச் செல்லவும் அவற்றால் முடியும். நட்சத்திர மீனுக்கோ சிறுநீரகம் போன்ற உறுப்பே கிடையாது. அதன் உடல்நீரின் உப்பளவும் வெளியே உள்ள கடல்நீரின் உப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் குழாய்களில் ஓடுவதே கடல்நீர்தான். கடல் மாறாதவரை அது சிக்கனமான ஏற்பாடு. கடல் திடீரென மாறும்போது உடலும் மாறிவிடும். உப்புக் குறைந்த நீர் உடலுக்குள் புகுந்து உயிரணுக்களை வீங்கச் செய்யும். குழாய்க்கால்கள் பிடியை இழக்கும். இதனால்தான் 7,000 வகை முட்தோலிகளுள் ஒன்றுகூட ஆற்றிலோ ஏரியிலோ வாழ்வதில்லை.

மெல்லுடலிகளின் கதை வேறு. மட்டி தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். பல கடல் நத்தைகள் ஓட்டுக்குள் ஒடுங்கி, பாதத்தில் உள்ள மூடியால் வாசலை அடைத்துக்கொள்ளும். உள்ளே அடைபட்ட சிறிதளவு கடல்நீரோடு, இதயத் துடிப்பைக் குறைத்து, வெளியே நிலைமை சீராகும்வரை காத்திருக்கும். மெல்லுடலிகள் கடலை விட்டு ஆற்றுக்கும் ஏரிக்கும் தோட்டத்துச் செடிக்கும்கூடப் பரவியுள்ளன. ஆனாலும் இந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மூச்சுவிடவும் உணவு உண்ணவும் ஓட்டைத் திறந்தே ஆக வேண்டும். வெள்ளம் நீண்ட நாள் வடியாமல் இருந்தால் மூடிய ஓடும் காப்பாற்றாது.

மீண்டும் வந்த உயிர்கள்

அந்தப் பேரிழப்போடு செக் ஜாவாவின் கதை முடியவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் மணல் நாணயங்களும் நட்சத்திர மீன்களும் கடல் சாமந்திகளும் அங்கே மீண்டும் காணப்பட்டன. நடக்கக்கூடத் தடுமாறும் இந்த உயிரினங்கள் எப்படித் திரும்பி வந்தன?

விடை அவற்றின் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. நட்சத்திர மீன் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடலில் விடும். அவற்றிலிருந்து வெளிவரும் இளவுயிரிகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குச் சிறியவை. தாயின் ஐந்து கை வடிவம் அவற்றுக்கு இருக்காது. இடமும் வலமும் ஒத்திருக்கும் உடலோடு அவை வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கும். பெரும்பாலானவை வேறு உயிரினங்களுக்கு இரையாகிவிடும். எஞ்சிய சில, ஏற்ற தரையைக் கண்டதும் அங்கே இறங்கி, உருமாறி, ஐந்து கைகளோடு புதிய வாழ்க்கையைத் தொடங்கும். சிப்பி, மட்டி, நத்தை ஆகியவற்றுள் பலவும் இவ்வாறே மிதந்து பரவுகின்றன.

ஒரு கரையில் உயிர்கள் அழிந்தாலும் வேறொரு கரையில் அவை நலமாக இருந்தால், அங்கிருந்து மிதந்து வருபவை மீண்டும் குடியேறும். சுற்றியுள்ள எல்லாக் கரைகளும் அழிந்துவிட்டால் வருவதற்கு எதுவும் இருக்காது. ஆகவே, ஒரு கடற்கரையைக் காப்பது அந்த ஒரு கடற்கரைக்காக மட்டும் அன்று. ஜொகூரில் பெய்த மழை உபினின் நட்சத்திர மீனைக் கொல்லக்கூடும் என்றால், ஒரு கரையில் பிழைத்த உயிர் நீரிணையைக் கடந்து மற்றொரு கரையை வாழவைக்கவும் கூடும். வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு அந்த இளவுயிரிகளுக்குத் தெரியாது.

பார்வையாளரின் கடமை

2007 ஜூலையில் செக் ஜாவாவில் 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாலம் திறக்கப்பட்டது. மணலில் கால் வைக்காமலே உயிரினங்களைப் பார்ப்பதற்கு அது வழிசெய்கிறது. சாங்கி படகுத்துறையிலிருந்து சிறு படகில் உபினை அடைந்து, கடல் நன்றாக வற்றும் நேரத்தில் அந்தப் பாலத்தில் நடந்தால் பலவற்றைக் காணலாம். படகு ஏறும் முன்னர்க் கடல் வற்றும் நேரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடற்கரையில் கிடக்கும் காலியான கிளிஞ்சலை ஆசையாக எடுத்துவரும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஓடு உண்மையில் காலியானதன்று. தனக்கென முழு ஓடு இல்லாத துறவி நண்டு அதை வீடாக்கிக்கொள்ளும். அது வளரும்போது இன்னும் பெரிய ஓட்டைத் தேடி அலையும். பை நிறையக் கிளிஞ்சலை எடுத்துவருபவர், அந்த நண்டுகளின் வீடுகளை எடுத்துவருகிறார். நட்சத்திர மீனைப் புகைப்படத்துக்காகத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடிப்பதும் தவறே. அதன் குழாய்க்கால்களை இயக்கும் நீரும், அது சுவாசிக்கும் உயிர்வளியும் கடலில்தான் இருக்கின்றன.

சிந்தித்து விடை எழுதுக

1. நிலா நத்தை, நட்சத்திர மீன் ஆகிய இரண்டும் ஓடுள்ள உயிரை உண்ணும் முறைகளை ஒப்பிட்டு எழுதுக.
2. முட்தோலிகள் ஆற்றிலும் ஏரியிலும் வாழாததற்குக் காரணம் என்ன? ‘சவ்வூடு பரவல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தி விளக்குக.
3. 2001இல் செக் ஜாவாவுக்கு ஏற்பட்ட ஆபத்தும் 2007இல் ஏற்பட்ட ஆபத்தும் எவ்வாறு வேறுபடுகின்றன? இரண்டிலும் மனிதர்களால் என்ன செய்ய முடியும்?
4. “வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு அந்த இளவுயிரிகளுக்குத் தெரியாது.” இக்கூற்றின் பொருளை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக.
5. நிலம் குறைந்த நாட்டில் வளர்ச்சியும் இயற்கைப் பாதுகாப்பும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. ஒரு கடற்கரையைக் காப்பதா, நிலமாக்குவதா என்று முடிவெடுக்கும் முன்னர் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும்? குழுவாகக் கலந்துரையாடுக.